டாசாட்டினிப்புக்கு மாறியதிலிருந்து மூச்சு வாங்குகிறது, பழகும்வரை பொறுக்கலாமா?

ஸ்ரீராமபுரம்_அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன், வயது 46, பீன்யாவில் ஒரு கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர் வேலை. சிஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து இமாட்டினிப் 400 மில்லிகிராம் மாத்திரைதான் சாப்பிட்டு வந்தேன். காலையில் கண் இமை வீங்கியிருக்கும், ராத்திரி கெண்டைக்காலில் குரக்களி பிடிக்கும், முகம் வெளுத்துப்போச்சு என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். இதெல்லாம் பழகிவிட்டது. ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பிசிஆர் டெஸ்ட் பல வருஷம் 0.1 சதவீதத்துக்குக் கீழேயே நின்றது. போன வருஷக் கடைசியிலிருந்து மெல்ல ஏற ஆரம்பித்து, மறுபடி எடுத்துப் பார்த்தபோதும் 2ஐத் தாண்டியிருந்தது. மாத்திரையை நான் விட்டதே இல்லை, டாக்டருக்கும் அது தெரியும். மருந்து கேட்காதபடி நோயின் மரபணு மாறியிருக்கிறதா என்று பார்க்கும் மியூட்டேஷன் டெஸ்ட்டில் ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் டாசாட்டினிப் 100க்கு மாற்றினார்கள்.

ஆரம்பத்தில் மண்டையைப் பிளக்கிற தலைவலி, வயிற்றுப்போக்கு. "பழகிவிடும்மா" என்று ஓபியில் சொன்னார்கள், அதேபோல இரண்டும் குறைந்தும்விட்டது. இப்போது வேறு ஒன்று. வீடு இரண்டாவது மாடி, தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவள் நான், இப்போது வெறும் கையோடு ஏறினாலே நடுவில் நின்று மூச்சு விட வேண்டியிருக்கிறது. படுத்தால் வறட்டு இருமல், தலையணையை ஒன்றுக்கு இரண்டாக வைத்தால்தான் தூக்கம் வருகிறது. வீட்டில் எல்லோரும் பெங்களூரு குளிர், மெட்ரோ வேலைத் தூசி என்கிறார்கள். பிளேட்லெட் 90 ஆயிரத்துக்கு இறங்கியதால் மாமியார் தினம் பப்பாளி இலைச் சாறு இடித்துத் தருகிறார், மறுக்க மனசு வரவில்லை. மற்றபடி காலையில் எழுந்ததும் பான்டோப்ரசோல் ஒன்று போடுகிறேன், அது இமாட்டினிப் காலத்தில் வயிற்றெரிச்சலுக்குக் கொடுத்தது. அதற்கு அரை மணி கழித்து டாசாட்டினிப்.

அடுத்த ஓபி அடுத்த மாதம்தான். அதுவரை பொறுக்கலாமா, இல்லை மாத்திரையை நானே நிறுத்திப் பார்க்கலாமா? ஒரு மருந்து கைவிட்டது, இதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்து என்ன என்ற பயம்தான் ராத்திரியில் அதிகம். பையன் இப்போதுதான் பியுசி படிக்கிறான்.

---

அல்சூர்க்காரன்:

அக்கா, அடுத்த மாதம்வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள், போன் எடுக்கவில்லை என்றால் ஓபி தேதி இல்லாவிட்டாலும் நேரே போய் உட்காருங்கள். தலைவலியும் வயிற்றுப்போக்கும் பழகிவிடும் என்று சொன்னது சரிதான், பெரும்பாலானவர்களுக்கு முதல் சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் மூச்சு வாங்குவது அந்தக் கணக்கில் சேராது. டாசாட்டினிப்பில் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. மாடி ஏறினால் மூச்சு, படுத்தால் வறட்டு இருமல் என்று நீங்கள் எழுதியிருப்பது அதன் அடையாளம் மாதிரியே இருக்கிறது. பார்க்காமல் அதுதான் என்று நான் சொல்ல முடியாது. ரத்தம் குறைந்தாலும் மூச்சு வாங்கும், இதயக் காரணமும் இருக்கலாம், அரிதாக நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடுவதும் இந்த மருந்தில் உண்டு. அதனால்தான் எக்ஸ்-ரே, ஹீமோகுளோபின், இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எல்லாம் பார்ப்பார்கள்.

எனக்கும் வந்தது. டாக்டர் என் முதுகில் விரலால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார், வலது பக்கம் அடியில் மட்டும் சத்தம் மாறி மொத்தென்று கேட்டது. எக்ஸ்-ரேயை விளக்கில் வைத்துக் காட்டினார், நுரையீரலின் அடி மூலை இரண்டு பக்கமும் கூராக இருக்க வேண்டும், எனக்கு ஒரு பக்கம் மழுங்கி வெள்ளையாக இருந்தது. ஊசி குத்தி எடுக்கிற அளவுக்கு நீர் இல்லை. டாசாட்டினிப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார், நீர் பிரிய மாத்திரை கொடுத்தார், சில நாள் ஸ்டீராய்டு. நீர் வற்றியதும் அதே மருந்தைக் குறைந்த டோஸில் ஆரம்பித்தார். டோஸைக் குறைத்தால் நோய் ஏறிவிடுமோ என்று எனக்கும் பயம் இருந்தது. பிசிஆர் அப்படியே நிற்கிறது. குறைந்த டோஸிலேயே நன்றாக இருக்கிறவர்கள் நிறையப் பேர் என்றார் டாக்டர்.

நீங்களாக நிறுத்த வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. எத்தனை நாள் நிறுத்துவது, எந்த டோஸில் திரும்ப ஆரம்பிப்பது என்பதெல்லாம் எக்ஸ்-ரேயையும் பிசிஆரையும் பக்கத்தில் வைத்து முடிவுசெய்கிற விஷயம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ போன் செய்துகொண்டிருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெஞ்சில் நீர் என்றதும் நம் நாட்டில் முதலில் டிபியைத்தான் சந்தேகிப்பார்கள், அதில் தப்பில்லை, டிபி அத்தனை பரவலாக இருக்கிறது. அதனால் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனாலும் வாயைத் திறந்ததும் முதல் வார்த்தையாக "டாசாட்டினிப் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் உடம்பில் டாசாட்டினிப்பின் அளவை அடியோடு இறக்கிவிடும். சோதித்து டிபிதான் என்று உறுதியானால் வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும், ஆனால் ரத்தநோய் டாக்டரைக் கலக்காமல் அதை ஆரம்பிக்கக்கூடாது.

---

மருந்துக்கடை_கேஆர்புரம்:

அல்சூர் சார் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன், முதலில் எக்ஸ்-ரே. நான் மருந்தாளர், கேஆர்புரத்தில் கடை. அக்கா போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன பான்டோப்ரசோல்தான் என் கண்ணில் பட்டது.

டாசாட்டினிப் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் சரியாகக் கரையும். பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல், ரபெப்ரசோல் எல்லாம் அந்த அமிலத்தை நாள் முழுக்க அடக்கி வைக்கிறவை. ஒமெப்ரசோலோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் உடம்பில் சேரும் டாசாட்டினிப் 43 சதவீதம் குறைந்தது, ஃபமோட்டிடின் என்ற இன்னொரு அமிலக் குறைப்பு மாத்திரையோடு 61 சதவீதம். அதாவது 100 மில்லிகிராமை விழுங்கிவிட்டு ஏறக்குறைய பாதி மருந்தோடு இருக்கிறோம். அரை மணி, ஒரு மணி தள்ளிப் போட்டாலும் சரியாகாது, ஏனென்றால் இந்த மாத்திரைகளின் வேலை மணிக்கணக்கில் நீடிக்கும். இமாட்டினிப்பில் இந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் அந்தச் சீட்டில் இருந்தபோது யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். மருந்து மாறும்போது பழைய சீட்டில் இருக்கும் துணை மாத்திரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், கூட்டத்தில் அது விட்டுப்போகிறது. வாரத்தில் ஒருவராவது இந்த இரண்டையும் ஒரே சீட்டில் நீட்டுகிறார், நான் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்காமல் கொடுப்பதில்லை.

வயிறு எரிந்தால் ஜெலூசில் மாதிரி ஆன்டாசிட் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதையும் டாசாட்டினிப்புக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ பின்னாலோதான் சாப்பிட வேண்டும். பான்டோப்ரசோலை நிறுத்துவதை டாக்டரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், நிறுத்தினால் மருந்து முழுசாக உடம்பில் சேரும், பக்கவிளைவும் அதற்கேற்பக் கூடலாம். நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கிற நேரத்தில் அவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் 100ஐத் தாங்கவில்லை என்று ஒரு கணக்குப் போடுவார், உண்மையில் உங்களுக்குச் சேர்ந்தது வேறாக இருக்கும்.

பப்பாளி இலைச் சாறு வேண்டாம். உங்கள் பிளேட்லெட் டெங்குவில் இறங்கவில்லை, மருந்தால் இறங்கியது. மாறிய முதல் மாதங்களில் இது எதிர்பார்க்கிறதுதான், ரத்தப் பரிசோதனையை விடாமல் எடுத்தால் ரொம்ப இறங்கினால் டாக்டரே மாத்திரையை நிறுத்தி எண்ணிக்கை ஏறும்வரை பார்ப்பார். அந்தச் சாற்றில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, கல்லீரலும் ஒரே நேரத்தில் எத்தனையைத்தான் சமாளிக்கும்? தலைவலிக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது, டாசாட்டினிப்பே பிளேட்லெட்டின் வேலையைக் கொஞ்சம் மந்தப்படுத்தும், ரத்தம் கசியும். மலம் கறுப்பாகப் போனாலோ ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ உடனே சொல்லுங்கள். அப்புறம் கிரேப்ஃப்ரூட் கூடாது என்று சீட்டில் இருக்கும். நம் பக்கம் அதை யார் சாப்பிடுகிறார்கள் என்று விட்டுவிடுவோம். தேவனஹள்ளி சக்கோத்தா அதற்கு நெருங்கிய சொந்தம், அதாவது நம் பம்பளிமாஸ். அதையும் தள்ளி வையுங்கள். ஆரஞ்சு, சாத்துக்குடிக்குத் தடையில்லை.

---

கரோல்பாக்_சித்தப்பா:

தங்கச்சி, நான் டெல்லியில் இருக்கிறேன். மருந்து விஷயத்தைத் தம்பிகள் இருவரும் சொல்லிவிட்டார்கள், உங்கள் கடைசி வரிக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன்.

இது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கதவு மூடிவிடாது. இமாட்டினிப் 2001இல் வந்தபோது அது ஒன்றுதான், இப்போது அப்படியில்லை. நிலோட்டினிப், போசுட்டினிப், அப்புறம் 'டி315ஐ' என்ற மியூட்டேஷன் வந்தவர்களுக்கும் கேட்கிற போனாட்டினிப், நோயின் புரதத்தில் மற்றவை ஒட்டாத வேறு இடத்தில் போய் ஒட்டி வேலை செய்யும் அசிமினிப் என்று வரிசை இருக்கிறது. ஒவ்வொன்றின் தொல்லையும் வேறு, அதனால் ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று பொருந்திப்போகும். உங்களுக்கு மியூட்டேஷன் இல்லை என்பது நல்ல சேதி, எந்த மருந்தையும் அந்தக் காரணத்துக்காகத் தள்ள வேண்டியதில்லை.

நான் இமாட்டினிப்பிலிருந்து நிலோட்டினிப்புக்கு மாறியவன். எனக்கு நெஞ்சில் நீர் வரவில்லை, ஆனால் சர்க்கரையும் கொழுப்பும் ஏறின. ஆரம்பிக்கும் முன்னால் ஈசிஜி, பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் பார்த்தார்கள், இதயத் துடிப்பின் ஒழுங்கை அது கெடுக்கலாம் என்பதால். கால் ரத்தக்குழாய் அடைப்பும் அதில் வரலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கும் சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும் அதைக் கொடுக்க யோசிப்பார்கள். சாப்பாட்டுக் கணக்குதான் பெரிய பாடு. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, முன்னால் இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது, பின்னால் ஒரு மணி நேரம் சாப்பிடக்கூடாது, பால் விட்ட காபியும் சேர்த்துத்தான். கல்யாண வீட்டில் பந்திக்கு வா வா என்று கையைப் பிடித்து இழுக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உங்கள் ஷிப்ட் வேலைக்கு டாசாட்டினிப் வசதி, ஒரு வேளை, சாப்பாட்டோடும் சாப்பிடலாம் சாப்பிடாமலும் சாப்பிடலாம். முடிந்தால் குறைந்த டோஸில் அதிலேயே நிற்கப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, மனசில் இருக்கும். இமாட்டினிப் காப்புரிமை வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னதால்தான் அது ஜெனரிக்கில், அதாவது வேறு கம்பெனிகள் தயாரிக்கும் அதே மருந்தாக, மலிவு விலையில் தொடர்ந்து கிடைத்தது. டாசாட்டினிப்பிலும் ஜெனரிக் இருக்கிறது, கம்பெனிக்குக் கம்பெனி விலை நிறைய மாறும். மூன்று கடையில் விசாரியுங்கள், ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரையும் ஒருமுறை பாருங்கள்.

பிசிஆரை இடையில் எடுத்துப் பார்த்துப் பதற வேண்டாம். மாறி மூன்று மாதத்தில் எடுப்பார்கள், எப்போதும் எடுக்கும் அதே லேபில் எடுங்கள், லேப் மாறினால் எண்ணை ஒப்பிட முடியாமல் போகும்.

---

ஸ்ரீராமபுரம்_அக்கா:

எல்லோருக்கும் நன்றி. மறுநாளே போனேன். ஓபி தேதி இல்லை என்று கவுன்டரில் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள், மூச்சு வாங்குகிறது என்று சொன்னதும் நர்ஸ் வந்து விரலில் ஆக்சிஜன் மீட்டரை மாட்டிப் பார்த்து உள்ளே அழைத்துப் போய்விட்டார். எக்ஸ்-ரேயில் இரண்டு பக்கமும் நீர் தெரிகிறது, இடது பக்கம் அதிகம். எக்கோ நார்மல். டாசாட்டினிப்பை இப்போதைக்கு நிறுத்தி, நீர் பிரிய மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அடுத்த வாரம் மறுபடி எக்ஸ்-ரே. பான்டோப்ரசோலைப் பற்றி நானே கேட்டேன், டாக்டர் சீட்டை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டார், திரும்ப ஆரம்பிக்கும்போது அது இல்லாமல் குறைந்த டோஸில் பார்க்கலாம் என்றார். மாமியாரையும் கூட அழைத்துப் போயிருந்தேன், சாறு வேண்டாம் என்று டாக்டர் வாயாலேயே சொல்ல வைத்தேன், அவர் வருத்தப்படவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். திரும்ப ஆரம்பித்தபிறகும் இது வருமா? எப்படித் தெரிந்துகொள்வது?

---

அல்சூர்க்காரன்:

நல்ல வேலை செய்தீர்கள் அக்கா. திரும்ப வரலாம், சிலருக்குப் பல வருஷம் கழித்துக்கூட வருகிறது. அதனால் நான் செய்வதைச் சொல்கிறேன். தினமும் ஒரே மாடிப்படியை ஒரே வேகத்தில் ஏறிப் பார்ப்பேன், நேற்றைவிட இன்று மூச்சு அதிகம் வாங்கினால் குறித்து வைப்பேன், இரண்டு நாள் தொடர்ந்தால் போன் செய்துவிடுவேன். வாரம் ஒருநாள் காலையில் எடை பார்ப்பேன், சாப்பாடு கூடாமல் எடை மட்டும் ஏறினால் நீராக இருக்கலாம். உப்பைக் குறைத்துவிட்டேன், ஊறுகாய், அப்பளம் இரண்டும் போச்சு. அடுத்த எக்ஸ்-ரே எப்போது என்று ஒவ்வொரு ஓபியிலும் நீங்களாகக் கேளுங்கள். பிபி இருந்தால் அதையும் கட்டுக்குள் வையுங்கள், பிபி உள்ளவர்களுக்கு நீர் கோப்பது அதிகம். அடுத்த வாரம் எக்ஸ்-ரே எடுத்ததும் எழுதுங்கள், எந்த டோஸ் கொடுத்தார்கள் என்றும் சொல்லுங்கள்.