கணேஷ் வக்கீலா, துப்பறிவாளரா? ('வகைக்கு ஒரு புத்தகம்' இழையிலிருந்து பிரித்தது)

மஞ்சுளா_வாசிக்கிறேன்:
வகைக்கு ஒரு புத்தகம் என்று ஆரம்பித்ததை ஒருவழியாக முடித்துவிட்டேன். குடும்ப நாவலாகவே படித்துக்கொண்டிருந்த எனக்கு மற்ற அலமாரிகள் பக்கமும் போய்ப் பார்க்க ஆசை. தன்வரலாற்றுக்கு உ.வே.சா.வின் 'என் சரித்திரம்', ஐந்து நட்சத்திரம். பயணத்துக்கு ஏ.கே. செட்டியார், நான்கு. சமையலுக்கு மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்', மூன்று (சாம்பார் பிரமாதம், ஆனால் ஆழாக்குக் கணக்கை மாற்றிக்கொள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது). துப்பறியும் வகைக்கு சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்', நாலரை. தொழில்முறைத் துப்பறிவாளர்களான கணேஷும் வசந்தும் பேயைத் துரத்தும் கதை. இரவில் தனியாகப் படிக்காதீர்கள். மற்ற வகைகளுக்குப் பரிந்துரை இருந்தால் சொல்லுங்கள்.

பைண்டிங்வால்யூம்:
ஐந்து நட்சத்திரம் கிடைத்ததில் உ.வே.சா. மேலே மகிழ்ந்திருப்பார். அது போகட்டும். கணேஷ் எப்போது தொழில்முறைத் துப்பறிவாளர் ஆனார்? கணேஷ் வக்கீல். 1968இல் 'நைலான் கயிறு' குமுதத்தில் வந்தபோதே வக்கீல். வசந்த் அவருடைய ஜூனியர், பிற்பாடு வந்து சேர்ந்தவர். பத்திரிகையில் வந்த பக்கங்களைப் பிரித்து, ஜெயராஜ் படங்களோடு பைண்டு செய்து அலமாரி நிறைய வைத்திருப்பவன் சொல்கிறேன். ஒரு பாத்திரத்தின் தொழில் என்னவென்றே தெரியாமல் நாலரை நட்சத்திரமா? அந்த அரை எதற்கு?

மஞ்சுளா_வாசிக்கிறேன்:
ஐயா, அவர் வக்கீல் என்பது எனக்கும் தெரியும். ஒரு சாவு நடக்கிறது, சந்தேகப்படுகிறார், ஆட்களைக் கேட்கிறார், தடயம் தேடுகிறார். இதற்குப் பெயர் என்ன? முதலில் துப்பறியும் கதை என்றால் என்னவென்று நாம் எல்லோரும் பேசி முடிவு செய்துகொண்டால் நல்லது.

பைண்டிங்வால்யூம்:
அதற்குப் பெயர் வக்கீல் தொழில். ஒரு குடும்பத்தின் சொத்து விவகாரம் பார்க்கப் போனவர் அவர். போன இடத்தில் ஏதோ நடக்கிறது. பல் டாக்டர் வீட்டில் திருட்டுப்போய், அவர் திருடனைப் பிடித்துவிட்டால் அவரை இன்ஸ்பெக்டர் என்பீர்களா?

தேநீர்_சங்கர்:
பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டேன். சங்கர்லால் இல்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் இல்லாமல் துப்பறியும் வகை என்று ஒன்றா? தேநீர் உள்ளே போனால் மூளை வேலை செய்யும், மூளை வேலை செய்தால் வழக்கு முடியும். கோர்ட்டு, வாய்தா, ஜூனியர் எதுவும் கிடையாது. அசல் துப்பறிவாளர்.

பைண்டிங்வால்யூம்:
இதைத்தான் சொல்கிறேன். சங்கர்லால் துப்பறிவாளர். கணேஷ் வக்கீல். இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் இப்போது மதிப்புரை எழுதுகிறார்கள்.

உள்வட்டம்:
இந்த இழையை இவ்வளவு தூரம் படித்ததே என் வாழ்நாள் வீண். கணேஷ், சங்கர்லால் எல்லாம் பஸ் ஸ்டாண்டு கடையில் கொடியில் தொங்கிய சரக்கு. பேய்தான் வேண்டுமென்றால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இருக்கிறது. இருபது பக்கம்கூட வராது. வகை, நட்சத்திரம் இதெல்லாம் வாசகனை நுகர்வோனாக்கும் வேலை.

சுந்தரி_மதுரை:
உள்வட்டம் சார் போன மாதம் ஒரு நாவலின் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு நான்கு பத்தி எழுதினாரே, அது எந்த வகை?

உள்வட்டம்:
அது விமர்சனம். உங்களுக்குப் புரியாது.

கொடைக்கானல்_குளிர்:
வக்கீல் துப்பறியக் கூடாது என்பவர்கள் 'ப்ரியா'வைப் படித்திருக்கிறார்களா? நடிகையைக் கண்காணித்துப் பாதுகாக்க லண்டன் வரைக்கும் போகிறார் கணேஷ். அது எந்தக் கோர்ட்டு வேலை? ஹைகோர்ட்டு பெஞ்ச் லண்டனிலும் இருக்கிறதா என்ன?

பைண்டிங்வால்யூம்:
கட்சிக்காரர் அனுப்பினார், போனார். வக்கீல் பிரயாணம் செய்யக் கூடாதா? 1978இல் படம் வந்தபோது ரஜினிகாந்த் நடித்ததும் வக்கீல் கணேஷாகத்தான். எஸ்.பி. முத்துராமனுக்கே தெரிந்தது இங்கே சிலருக்குத் தெரியவில்லை. கணேஷ் வக்கீல்.

கொடைக்கானல்_குளிர்:
ஆங்கில நாவல்களில் வரும் பெர்ரி மேசனும் வக்கீல்தானே? உலகம் முழுக்க அந்தப் புத்தகங்களைத் துப்பறியும் நாவல் அலமாரியில்தானே வைக்கிறார்கள்?

பைண்டிங்வால்யூம்:
நல்ல கேள்வி. நீங்களே வந்து மாட்டிக்கொண்டீர்கள். பெர்ரி மேசனுக்குத் துப்பு கொண்டுவந்து கொடுப்பது யார்? பால் டிரேக். அவர் தனியார் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவர், வேலைக்குக் கட்டணம் வாங்குகிறவர். மேசன் கோர்ட்டில் நின்று சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வார். அந்த ஊரில் எழுதியவருக்கே வக்கீல் வேறு, துப்பறிவாளர் வேறு என்று தெரிந்திருக்கிறது. எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் தாமே வக்கீலாக இருந்தவர், அதனால் குழப்பிக்கொள்ளவில்லை. தமிழிலும் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா இருக்கிறார்கள், சுபாவின் நரேன், வைஜயந்தி இருக்கிறார்கள். நிறுவனம் வைத்து, வாசலில் பலகை மாட்டி, காசு வாங்கித் துப்பறிகிறவர்கள். தொழில்முறை என்றால் அதுதான். ராஜேஷ்குமாரின் விவேக் காவல் துறை, அது இன்னொரு கணக்கு. கணேஷுடைய பலகையில் என்ன எழுதியிருக்கும்? நான் சொல்லத் தேவையில்லை.

வடுவூர்_விசிறி:
பெரியவர்களே, ஒரு நிமிடம். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீல்' படித்தவர்கள் இங்கே யாராவது உண்டா? தலைப்பிலேயே வக்கீல். அவர் வில்லன்! துப்பு துலக்குகிறவர் திகம்பர சாமியார், ஒரு சாமியார். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக எடுத்தார்கள், எம்.என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு அசத்தியிருப்பார். சாமியார் துப்பறியலாம், வக்கீல் துப்பறியக் கூடாதா?

பைண்டிங்வால்யூம்:
சாமியாருக்கு வேறு வேலை இல்லை. துப்பறிவதே வேலை. கணேஷுக்கு வேறு வேலை இருக்கிறது.

வடுவூர்_விசிறி:
அப்படியானால் தேவனின் 'துப்பறியும் சாம்பு'? பேங்க் குமாஸ்தா. துப்பறியவும் தெரியாது, தப்பும் தவறுமாக எதையோ செய்யப்போய்த் திருடன் தானாக மாட்டுகிறான். அவரை மட்டும் துப்பறிவாளர் என்று ஒப்புக்கொள்வீர்களா?

பைண்டிங்வால்யூம்:
தலைப்பிலேயே துப்பறியும் என்று இருக்கிறது. தேவன் எழுதிவிட்டார், முடிந்தது. சுஜாதா எங்கேயாவது 'துப்பறியும் கணேஷ்' என்று தலைப்பு வைத்தாரா? காட்டுங்கள், என் அலமாரியையே எழுதித் தருகிறேன்.

சுந்தரி_மதுரை:
அந்த அலமாரியைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் நல்லது. என் சித்தப்பாவின் 'துப்பறியும் சாம்பு' விகடன் பைண்டிங், கோபுலு படம் போட்டது, உங்களிடம் வந்து எத்தனை தீபாவளி ஆயிற்று?

பைண்டிங்வால்யூம்:
அது பூச்சி அரித்த நிலையில் வந்தது. மருந்து வைத்துப் புது அட்டை போட்டுப் பாதுகாத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே விஷயம் அதுவல்ல. கணேஷ் வக்கீல்.

நூலகப்பூச்சி:
நான் நூலகத்தில் வேலை பார்க்கிறவன். நூல்களை எண் போட்டு வகைப்படுத்தும் ட்யூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. எங்கள் அலமாரியில் நாவல் என்றால் நாவல், அவ்வளவுதான். வக்கீல், துப்பறிவாளர், சாமியார் எல்லோரும் ஒரே தட்டில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறார்கள். வகை என்பது கடைக்காரரின் பலகை. வாசகர்கள் வந்து ஏதாவது த்ரில்லா கொடுங்க என்று கேட்பார்கள், எடுத்துக் கொடுப்போம்.

உள்வட்டம்:
சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பு முறையைக் கொடுத்துவிட்டுப் போனார். சென்னைப் பல்கலைக்கழக நூலகர். அவருடைய மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக்காரரின் எண்ணைப் பெருமையாகச் சொல்கிறீர்கள்.

நூலகப்பூச்சி:
எண்ணை ஒட்டுகிறவன் நான்தான், முடிவு செய்கிறவன் நான் இல்லை சார். அதே ரங்கநாதன்தான் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்றும் சொன்னார். பஸ் ஸ்டாண்டு சரக்கு என்று யாரையும் விரட்டச் சொல்லவில்லை.

தேநீர்_சங்கர்:
அதில் சங்கர்லாலுக்கு எண் என்ன?

நூலகப்பூச்சி:
அதே எண்தான்.

தேநீர்_சங்கர்:
கணேஷும் சங்கர்லாலும் ஒரே எண்ணா? நூலகத் துறை நாசமாய்ப் போனதற்கு இதுதான் காரணம்.

கொடைக்கானல்_குளிர்:
எல்லோரும் வக்கீல் வக்கீல் என்று கத்துகிறீர்களே, 'கொலையுதிர் காலம்' துப்பறியும் வகையில் வருமா என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி? கணேஷ் அத்தனைக்கும் விஞ்ஞானத்தில் விடை தேடுகிறார், ஹோலோகிராம் என்கிறார். வசந்துக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, பேய் பக்கம் சாய்கிறார். கடைசி வரை சுஜாதா கதவைப் பூட்டவே இல்லை. விடை உறுதியாகாத கதையைத் துப்பறியும் கதை என்பதா, பேய்க்கதை என்பதா, அறிவியல் புனைவு என்பதா? எனக்கு அந்த நாவலில் பிடித்ததே அந்த இழுபறிதான்.

புதுவாசகி_சேலம்:
ரொம்ப நன்றி அண்ணா!!! நேற்றுதான் வாங்கினேன். நாற்பதாவது பக்கத்தில் இருக்கிறேன். ஹோலோகிராமாம். முடிவை உடைக்கிறேன் என்று மேலே ஒரு வரி போட்டால் கை வலிக்குமா?

கொடைக்கானல்_குளிர்:
அம்மா, என் அப்பா கல்யாணத்துக்கு முன்னால் படித்த கதை அது. இதற்கும் எச்சரிக்கை போட வேண்டுமா? அடுத்து ராமாயணத்தில் ராவணன் செத்ததைச் சொல்லக் கூடாது என்பீர்கள்.

புதுவாசகி_சேலம்:
புத்தகம் பழசாக இருக்கலாம், நான் புதுசு. புதிதாக வருகிறவர்களை இங்கே இப்படித்தான் நடத்துகிறீர்கள். அப்புறம் இளைஞர்கள் படிப்பதில்லை என்று ஒரு இழை ஆரம்பிப்பீர்கள், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பைண்டிங்வால்யூம்:
புத்தகமாக வாங்கியதுதான் தவறு. வாராவாரம் தொடராக வந்தபோது ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சு. அடுத்த இதழ் வரும் வரை தெருவில் ஆளாளுக்கு ஒரு கொலைகாரனைச் சொல்வார்கள். எதிர் வீட்டுக்காரருக்கும் எனக்கும் இதனால் பேச்சுவார்த்தையே நின்றிருக்கிறது. அந்தக் காலத்திலும் யாரும், எங்கள் தெருவில் ஒருவர்கூட, கணேஷைத் துப்பறிவாளர் என்று சொன்னதில்லை. வக்கீல் கணேஷ் என்றுதான் சொல்வார்கள். மஞ்சுளா அவர்கள் அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டால் நான் போய்விடுவேன்.

மஞ்சுளா_வாசிக்கிறேன்:
திருத்த மாட்டேன். பட்டியல் போட்டது பரிந்துரை கேட்டு. இத்தனை பதில்களில் 'கும்பகோணம் வக்கீல்' ஒன்றுதான் எனக்குத் தேறியது. நன்றி, வடுவூர் விசிறி.

வடுவூர்_விசிறி:
'மேனகா'வும் படியுங்கள் தங்கை. நடை கொஞ்சம் வளவளவென்று போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் துப்பறியும் கதை சுஜாதாவோடுதான் பிறந்தது என்று நினைக்கிறவர்களுக்கு அது நல்ல வைத்தியம். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு எல்லாம் அந்தக் காலத்திலேயே ஊரைத் தூங்கவிடாமல் அடித்தவர்கள்.

உள்வட்டம்:
பாதி மேல்நாட்டுச் சரக்கு. தழுவல்.

வடுவூர்_விசிறி:
பின்னட்டையில் அப்படிப் போட்டிருக்கிறதா சார்?

சுந்தரி_மதுரை:
வடுவூர் அண்ணன் அடித்த இந்த ஒரு வரிக்கு நான் ஆறு நட்சத்திரம் கொடுக்கிறேன்.

பைண்டிங்வால்யூம்:
ஐந்துக்கு மேல் நட்சத்திரம் கிடையாது. எதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். இங்கே மூன்று பேர் பேச்சை மாற்றப் பார்க்கிறார்கள், இரண்டு பேர் தேநீர் குடிக்கிறார்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. கணேஷ் எந்தக் கதையிலாவது துப்பறிவாளர் என்று விசிட்டிங் கார்டு நீட்டியிருக்கிறாரா?

தேநீர்_சங்கர்:
சங்கர்லாலுக்கு விசிட்டிங் கார்டே தேவையில்லை.

மஞ்சுளா_வாசிக்கிறேன்:
அடுத்த வகைக்குப் போகிறேன். அறிவியல் புனைவு: 'என் இனிய இயந்திரா'. ஜீனோ என்ற நாய்க்குட்டி ஒன்றுக்காகவே நான்கு நட்சத்திரம்.

பைண்டிங்வால்யூம்:
ஜீனோ நாய் இல்லை. இயந்திரம். தலைப்பிலேயே இருக்கிறது.

கொடைக்கானல்_குளிர்:
நாய் மாதிரி இருக்கும் இயந்திரத்தை நாய் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பைண்டிங்வால்யூம்:
வக்கீலைத் துப்பறிவாளர் என்று சொன்னவர்களிடம் இதையும் விளக்க வேண்டியிருக்கிறது. விகடன் பைண்டிங்கை எடுத்துக்கொண்டு வருகிறேன். இருங்கள்.

சுந்தரி_மதுரை:
வரும்போது சித்தப்பாவுடையதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.