கலைச்சொல் உதவி: ரிப்பேர்னா கெட்டுப்போனதா, சரிபண்ணதா?

எல்லாருக்கும் வணக்கம்,

இது கொஞ்சம் வேற மாதிரி கேள்வி. சிகாகோ பக்கத்துல நாங்க இருக்கிற ஏரியால ஒரு நண்பர் வீட்டு பேஸ்மென்ட்ல 11 பின்பால் மெஷின் நிக்குது (கண்ணாடிக்குள்ள சாய்ஞ்ச பலகைல இரும்புப் பந்தை அடிச்சு ஸ்கோர் சேர்க்கிற ஆட்டம்). இந்த ஊருக்கு இது ஆச்சரியமில்ல, காட்லீப், பாலி, வில்லியம்ஸ், ஸ்டெர்ன்னு பெரிய பின்பால் கம்பெனி அத்தனையும் இந்தப் பக்கம் ஆரம்பிச்சதுதான். வாங்குறது ஒருநாள் வேலை, ஓடவைக்கிறதுதான் பாடு. ஞாயித்துக்கிழமை நாலு பேர் கூடி மூடிய தூக்கி எதையாவது நோண்டுவோம், எந்த மெஷின்ல என்ன பண்ணோம்னு ஒரு ஷீட்ல எழுதி வைக்கிறது என் பொறுப்பு.

போன வருஷம் மாமனார் ஆறு மாசம் வந்து இருந்தார். ஊர்ல ரேடியோ, டிவி கடை வச்சிருந்தவர். 70கள் நடுவுல வரைக்கும் வந்த மெஷின்ல கம்ப்யூட்டர் போர்டெல்லாம் கிடையாது, ரிலே (கரண்டுல தட்டுற ஸ்விட்ச்), காயில் (கம்பிச்சுருள்), ஸ்கோரைக் கூட்டுறதுக்கு ஒரு மோட்டார், அப்புறம் எண்ண முடியாத அளவு பாயிண்ட் (கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற தொடுமுனை), அவ்வளவுதான். சர்க்யூட் தாளை தரைல விரிச்சுப்போட்டு ரெண்டே நாள்ல மனுஷன் பிடிச்சிட்டார், எங்க யாருக்கும் வராத வேலை அது. எழுதுறது மட்டும் தமிழ்லதான் எழுதுவார், அதனால ஷீட்லயும் தமிழ் வந்துச்சு.

பிரச்சனை அங்கதான். ஒரு பழைய மெஷினுக்கு நேரா "இடது ஃபிளிப்பர் ரிப்பேர்"னு எழுதியிருந்தார். நான் என்ன நினைச்சேன், சரிபண்ணிட்டார்னு. அவர் எழுதினது கெட்டுப்போச்சுன்னு! அடுத்த வாரம் பசங்க வந்து ஆடினாங்க, பத்து நிமிஷத்துல கருகுற வாடை.

தெரியாதவங்களுக்கு: ஃபிளிப்பர்ங்கிறது பட்டனை அமுக்கினா பந்தை அடிக்கிற சின்ன மட்டை. அந்தக்கால ஃபிளிப்பர் காயில்ல ரெண்டு சுத்து இருக்கும், தடிச்ச கம்பி பந்தை ஓங்கி அடிக்க, மெல்லிசுக் கம்பி மட்டையைத் தூக்கின வாக்குல பிடிச்சு வைக்க. மட்டை மேல போய் முட்டினதும் ஒரு பாயிண்ட் பிரியணும், பிரிஞ்சாதான் மெல்லிசுக் கம்பியும் வழில சேர்ந்து கரண்டு குறையும். பிரியலேன்னா பட்டனை அமுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் முழு கரண்டும் காயில் தலையிலதான். காயில் போச்சு, உள்ள இருந்த பிளாஸ்டிக் குழாயும் உருகி கம்பியோட ஒட்டிக்கிச்சு.

யோசிச்சுப் பாருங்க, நம்ம பேச்சுல "வண்டி ரிப்பேர்"னா கெட்டுக்கிடக்கு, "ரிப்பேர் பண்ணியாச்சு"ன்னா சரியாயிடுச்சு. "கம்ப்ளைண்ட்"டும் அப்படித்தான், புகார்னும் அர்த்தம், டிவி கம்ப்ளைண்ட்னா டிவியே போச்சு. ஷீட்ல ஒத்தைச் சொல்லா எழுதினா எதுன்னு தெரியாது. எனக்கு வேண்டியது நாலு தலைப்பு: ஆடினவர் சொன்னது, நாம கண்டுபிடிச்சது, நாம செஞ்சது, அப்புறம் செஞ்சது நின்னுச்சான்னு பாத்தது. மாமா வாயில நுழையிற சொல்லா சொல்லுங்க.

*

தம்பிக்கு வணக்கம்,

நல்ல கேள்வி. பழுது என்ற சொல் இருக்கையில் ரிப்பேர் எதற்கு? கெட்டது பழுது, சரிசெய்வது பழுதுபார்த்தல் அல்லது செப்பனிடல். ஃபிளிப்பரைத் துடுப்பு என்று சொல்லிப் பாருங்களேன்.

பெயிண்ட், பூச்சு, துடைப்பு மாதிரி கெடுவதற்கு முன்னாலேயே செய்யும் வேலைக்கு மராமத்து என்று ஒரு பழைய சொல் உண்டு. பொதுப்பணித்துறையை மராமத்து இலாகா என்று என் அப்பா காலத்தில் சொல்லுவார்கள். அரபியிலிருந்து வந்த சொல்தான், ஆனால் வந்து பல தலைமுறை ஆயிற்று, இனி அது நம் வீட்டுப் பிள்ளை.

நான்காவதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர் தேர் ஊர். தேரில் வேலை நடந்தால் திருவிழாவுக்கு முன்னால் சாமி இல்லாமல் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள், வெள்ளோட்டம். உங்கள் மெஷினுக்கும் அதேதானே?

*

ஐயா, வெள்ளோட்டம்! மாமாகிட்ட வீடியோ கால்ல சொன்னேன், "இதை நான் சொல்லியிருக்கணும்"னு ஒரே ஆதங்கம் அவருக்கு. பசங்க ஆடுறதுக்கு முன்னாடி நாம மூணு ஆட்டம் ஆடிப் பாக்குறதுக்கு இதைவிடப் பொருத்தமா ஒண்ணும் கிடைக்காது, எடுத்துக்கிட்டேன். மராமத்தும் அப்படியே எடுத்துக்கிட்டேன். ரப்பர் வளையம் மாத்துறது, பந்து ஓடுற பலகைக்கு மெழுகு போடுறது, குழி விழுந்த பந்தைத் தூக்கிப் போடுறது (80 கிராம் இரும்பு, சொரசொரன்னு ஆயிட்டா பலகையை அரம் மாதிரி ராவிரும்), 90கள் மெஷின் போர்டுல இருக்கிற மூணு பென்சில் பேட்டரியை வருஷா வருஷம் மாத்துறது, எல்லாம் அதுல வந்திரும். பேட்டரி ஒழுகி போர்டைத் தின்னது நான் பாத்திருக்கேன், அதுக்குத் தேதி எழுதாம விடவே கூடாது.

செப்பனிடல் மட்டும் மாமா ஒத்துக்கல, "ரோடா போடுறோம்?"னு கேட்டார்.

பழுதுபார்த்தல்ல எனக்கு ஒரு பயம். சொல்லுக்குள்ளயே "பாத்தாச்சு" இருக்கு. எங்க கூட்டத்துல "பாத்தேன்"னு எழுதிட்டுப் போறவங்கதான் அதிகம், பாத்தது நிஜம், சரிபண்ணது யாரு? அதனால இப்படி வச்சுக்கலாம்னு நினைக்கிறேன்: குறை, பழுது, தீர்வு, வெள்ளோட்டம். "பந்து இடது பக்கம் மெதுவா வருது"ங்கிறது குறை, ஆடினவர் வார்த்தைலயே எழுதணும். "காயில் உள்குழாய் தேய்மானம்"ங்கிறது பழுது, திறந்து பாத்தவர் மட்டும்தான் எழுதலாம். கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள்னு போர்டு வைக்கிறாங்களே, அதனால குறையும் தீர்வும் ஜோடின்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்ல.

தீர்வுல எப்படிப் பண்ணோம்னும் எழுதணும், "ஸ்விட்ச் கிளீன் பண்ணேன்" பத்தாது. பழைய ஃபிளிப்பர் பாயிண்ட் டங்ஸ்டன்ங்கிற கெட்டி உலோகம், அதை அரம் போட்டுத் தேய்க்கலாம். பிந்தி வந்த மெஷின்ல ஸ்விட்ச் தகட்டுக்கு தங்க முலாம், அதுல அரம் பட்டா முலாம் போயி அதுக்கப்புறம் நிம்மதி கிடையாது, ஒரு விசிட்டிங் கார்டை நடுவுல வச்சு மெல்ல இழுத்தாலே போதும்.

துடுப்பு வேண்டாம் ஐயா, கோவிச்சுக்காதீங்க, படகு மாதிரி இருக்கு. 1947ல காட்லீப் ஹம்ப்டி டம்ப்டின்னு ஒரு மெஷின்ல ஆறு ஃபிளிப்பர் வச்சாங்க, அதுக்கு முன்னாடி மெஷினைத் தட்டி ஆட்டி பந்தைத் திருப்புறதுதான் ஆட்டமே, அதிர்ஷ்ட விளையாட்டுன்னு சொல்லி நியூயார்க்ல 1942லேர்ந்து 1976 வரைக்கும் தடையே இருந்துச்சு. அந்த ஒரு பாகத்தாலதான் இது கைத்திறன் ஆட்டமாச்சு, பேரை அப்படியே விட்டுடலாம்.

பேர் வைக்க இன்னும் ரெண்டு பாக்கி. எங்ககிட்ட 1992ல வந்த ஆடம்ஸ் ஃபேமிலி ஒண்ணு இருக்கு (20,000க்கு மேல வித்த மெஷின், அதனால பார்ட்ஸ் கிடைக்கும்). ஒரு ஸ்விட்ச் ரொம்ப ஆட்டமா அடிபடவே இல்லேன்னா அதுவே கிரெடிட் எண்ணுக்கு (மிச்சமிருக்கிற ஆட்டக் கணக்கு) பக்கத்துல ஒரு புள்ளி வச்சிரும், உள்ள டெஸ்ட்ல போய்ப் பாத்தா எந்த ஸ்விட்ச்னு சொல்லும். நம்ம ஷீட்டுக்கு முன்னாடியே அது தன் ஷீட்டை எழுதிக்குது! குறைப்புள்ளின்னு ஒருத்தர் சொன்னார், ஆனா யாரும் பந்தை அந்தப் பக்கம் அடிக்கலேன்னாலும் புள்ளி வரும், மெஷினுக்கு அது சந்தேகம்தான். ஐயப்புள்ளின்னு வைக்கிறேன், ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க.

கடைசி ஒண்ணுதான் மாட்டேங்குது. ஆடுறப்ப வரும், மூடியத் திறந்தா வராது, மூடினா திரும்ப வரும், அந்த மாதிரிப் பழுதுக்கு என்ன பேரு? மாமா "மிஸ்ஸிங் அடிக்குது"ம்பார், அது எஞ்சினுக்கு. லூஸ் கான்டாக்ட்னு எழுதினா காரணத்தை முன்னாடியே முடிவு பண்ண மாதிரி ஆயிடும், சூடேறினா மட்டும் விட்டுப்போற சால்டரும் (கம்பியை ஒட்டவைக்கிற ஈயப்பற்று) இருக்கு. முறைக்காய்ச்சல் மாதிரி முறைப்பழுதுன்னு யோசிச்சேன், ஆனா காய்ச்சலாவது முறை தவறாம வரும், இது அந்த ஒழுங்கும் இல்லாதது. இப்போதைக்கு கள்ளப்பழுதுன்னு எழுதியிருக்கேன், மாமாவுக்குப் பிடிச்சிருக்கு, என் மனைவிக்கு மட்டும் பொய்யான பழுதுன்னு படிக்கத் தோணுதாம். அந்த ஒரு கட்டத்தை பென்சில்ல விட்டு வச்சிருக்கேன்.