ஐப்பசி மழைக்கு ரோட்டில் நசுங்கிச் சாகும் தவளைகள்: காரைக்குடிப் பக்கம் யாராவது ஏதாவது செய்கிறீர்களா?

பள்ளத்தூர்_ரோடு:
காரைக்குடியில் வேலை முடிந்து பள்ளத்தூர்ப் பக்கம் இரவு எட்டு மணிக்கு மேல் பைக்கில் திரும்புகிறவன் நான். ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பிடித்துவிட்டால் ஊரணியை ஒட்டிப் போகிற ரோட்டில் வண்டி ஓட்டவே மனசு வருவதில்லை. சொறித்தவளை, அந்த மஞ்சள் நிறப் பெருந்தவளை எல்லாம் தாரோடு தாராய் ஒட்டிக் கிடக்கின்றன. நேற்று வண்டியை நிறுத்திப் பார்த்தேன், பெட்டை ஒன்று முதுகில் ஆணைச் சுமந்தபடியே அரைபட்டுக் கிடக்கிறது, சுற்றிலும் கடுகு சிதறின மாதிரி கறுப்பு முட்டைகள். ரோட்டை அகலப்படுத்தியதிலிருந்து வண்டிகளும் வேகமாகத்தான் போகின்றன. இவை ஏன் சரியாக அந்த இடத்தில் வந்து உட்காருகின்றன? நாலு பேர் சேர்ந்தால் ஏதாவது செய்ய முடியுமா?

கண்மாய்க்கரை:
தம்பி, அவை ஊரணிக்குப் போகின்றன, ரோடு குறுக்கே கிடக்கிறது, அவ்வளவுதான். கோடை முழுக்க வயலிலும் வரப்படியிலும் மண்ணுக்குள் புதைந்து கிடந்தவை, மண் நன்றாக நனைந்ததும் முட்டையிடத் தண்ணீர் தேடி ஒரே நேரத்தில் கிளம்பும். பெருந்தவளையில் ஆண் மஞ்சளாவதும் தொண்டைப் பை நீலமாக ஊதுவதும் இந்தச் சில நாட்களில்தான். சொறித்தவளைக்கு நீளமாகத் தாவ வராது, ரோட்டைக் கடக்க வெகுநேரம் எடுக்கும், ஹெட்லைட் பட்டால் அசையாமல் உட்கார்ந்துவிடும். தெருவிளக்குக்கு அடியில் ஈசல் விழுந்தால் அதைத் தின்னவும் ரோட்டுக்கே வரும். ஒரு பெட்டை ஆயிரக்கணக்கில் முட்டையிடும், ஊரணிக்குப் போகிற வழியில் அது செத்தால் அந்த வருஷத்து முட்டை அத்தனையும் போச்சு. தவளையைத் தின்ன வருகிற சாரையும் அதே இடத்தில் அடிபடுகிறது, அதையும் கவனித்துப் பாருங்கள்.

தேவகோட்டை_விவசாயி:
வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த ரோட்டில் மனுஷனே அடிபட்டுச் சாகிறான். மழை இருட்டில் தவளைக்காகத் திடீரென்று பிரேக் அடித்தால் பின்னால் வருகிறவன் கதி என்ன? முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஆத்தங்குடி_ஆச்சி:
அண்ணே, பிரேக் அடிக்க யாரும் சொல்லவில்லை. மழை பெய்கிற இரவில் ஊரணிப் பக்கம் மெதுவாகப் போனால் மனுஷனுக்கும் அதுதானே நல்லது? நீங்கள் வயல் வைத்திருக்கிறவர், தவளை எவ்வளவு பூச்சி தின்னும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தவளைக்கால் ஏற்றுமதியை அரசாங்கம் 1987-ல் தடை செய்தபோதே வயலில் பூச்சி பெருகுவதை ஒரு காரணமாகப் பேசினார்கள். அப்புறம், நம் மாவட்டத்திலேயே திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, பறவைகள் மிரளக் கூடாது என்று அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அதுவும் இதே ஐப்பசியில். அவர்கள் ஊரே சேர்ந்து செய்கிறதை நாம் ஒரு துண்டு ரோட்டுக்குச் செய்ய முடியாதா?

வரத்துக்கால்:
கண்டிப்பாக முடியும். இங்கிலாந்தில் தேரைகள் குளத்துக்குக் கிளம்புகிற இரவுகளில் ஊர்க்காரர்களே வாளியில் எடுத்து ரோட்டைக் கடத்தி விடுகிறார்கள். அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில் 1987-ல் சாலமாண்டர்கள் (பல்லி மாதிரி இருக்கும், தவளைக்கு உறவான பிராணி) கடக்க ரோட்டுக்கு அடியில் இரண்டு குழாய்ப் பாதை போட்டார்கள், அவற்றை அங்கே திருப்பிவிட ஓரத்தில் குட்டையான தடுப்பும் உண்டு. நமக்குப் புதிதாகத் தோண்ட வேண்டாம், ஊரணிக்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால் ரோட்டைக் கடக்கிற இடத்தில் சின்னப் பாலம் இருக்கும், அதில் மண்ணையும் கருவேல முள்ளையும் எடுத்துவிட்டு, இருபக்கமும் கொஞ்ச தூரத்துக்கு முழங்கால் உயரம் தகரமோ சாக்கோ கட்டிப் பாருங்கள். கையால் எடுத்து விடுவதென்றால் கையை நனைத்துக்கொண்டு எடுங்கள், எந்தத் திசைக்குப் போகிறதோ அந்தப் பக்கமே விடுங்கள், எதிர்ப்பக்கம் விட்டால் திரும்ப ரோட்டுக்குத்தான் வரும். சொறித்தவளையைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்காதீர்கள், எரியும். ஒளிரும் சட்டை இல்லாமல் யாரும் ரோட்டில் இறங்க வேண்டாம், சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரவே வேண்டாம்.

பள்ளத்தூர்_ரோடு:
நன்றி. நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு பாலம் இருக்கிறது, பாதிக்கு மேல் மண் மூடி, பிளாஸ்டிக் பையும் முள்ளும் அடைத்துக் கிடக்கிறது. ஊராட்சியில் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுத்தம் செய்யலாம் என்றிருக்கிறேன். கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கம் இருக்கிறவர்கள் மண்வெட்டியோடு வர முடிந்தால் இங்கேயே சொல்லுங்கள், முள் வெட்ட அரிவாள் என்னிடம் இருக்கிறது. தேவகோட்டை அண்ணே, நீங்களும் வாருங்கள்.