திரும்பும் நேரம் பன்னிரண்டரை

குளிர்கால மலைவழியில் தக்க இடத்தில் திரும்பி வந்தவர்களின் அனுபவங்களை, மலையேறுபவர்கள் எழுதும் இந்தப் பகிர்வுப் பக்கத்தில் படித்தேன். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் போன ஒருவனுடைய அனுபவமும் அவற்றோடு சேர்ந்திருப்பது நல்லது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் நால்வர், மாதம் பிப்ரவரி. நீண்ட முகடு ஒன்றின் வழியாகச் சிகரத்தை அடைந்து, அதே வழியில் இறங்குவதாகத் திட்டம். கோடையில் நால்வருமே அங்கே ஏறியிருந்தோம். முந்தைய நாள் இரவு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, சிகரம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பகல் 12.30 மணிக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்து, அதை ஒரு தாளில் எழுதியும் வைத்தோம். மாலை 5.30 மணிக்கு இருட்டும். இறங்குவதற்கு நான்கு மணி நேரம் ஆகும். மீதமுள்ள ஒரு மணி நேரம் எதிர்பாராத தாமதத்துக்கு. அடிவாரத்தில் வெப்பநிலை மைனஸ் 6 டிகிரி. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, 1,400 மீட்டர் மேலேயுள்ள சிகரத்தில் அது மைனஸ் 15 ஆக இருக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் என்று வானிலை முன்னறிவிப்பு கூறியதால், தோலுக்கு அது மைனஸ் 29 டிகிரியைப் போல உறைக்கும். இவ்வளவையும் முன்கூட்டியே கணக்கிட்டிருந்தோம். அறியாமையால் நேர்ந்த பிழை என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு வழியே இல்லை.

முழங்கால் வரை புதைந்த பனி எங்கள் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டது. 12.30 மணிக்குச் சிகரத்துக்குக் கீழேயுள்ள மேட்டில் நின்றோம். சிகரம் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. நால்வரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம், எவரும் பேசவில்லை. “இன்னும் இருபது நிமிடம் போய்ப் பார்க்கலாம்” என்று சொன்னவன் நான். அமைதியாகவும் தெளிவாகவும் இருப்பதாகவே அப்போது என்னை எண்ணியிருந்தேன். ஏழரை மணி நேரம் குளிரில் உழைத்து, சரியாக உண்ணாமல், தண்ணீர் உறைந்துவிட்டதால் சரியாகக் குடிக்காமலும் இருந்த ஒரு மூளை, வெதுவெதுப்பான அறையில் அதே மூளை எடுத்திருந்த முடிவைத் தள்ளி வைத்த தருணம் அது.

இருபது நிமிடம் ஐம்பது நிமிடமானது. அதற்குள் எங்கள் குழுவிலேயே வலிமையான நண்பர் பின்தங்கத் தொடங்கியிருந்தார். கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். ஒரு முறை அவருடைய கையுறை கழன்று விழுந்தது. அது சரிவில் உருண்டு போவதை அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, குனியவில்லை. களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். கை தடுமாறுவது, கால் இடறுவது, பேச்சு குழறுவது, காரணமின்றி எரிச்சல் கொள்வது அல்லது எதிலும் அக்கறையற்றுப் போவது ஆகியவை உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதன் முதல் அடையாளங்கள் என்பதை நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் கண்முன்னே அவை நிகழ்ந்தபோது எனக்குச் சிகரம்தான் தெரிந்தது.

திரும்பியபோது மேகம் இறங்கிவிட்டது. வானமும் தரையும் ஒரே வெண்மையாகி, அடுத்த அடி மேட்டில் விழுமா பள்ளத்தில் விழுமா என்பதே தெரியவில்லை. முகட்டின் இடப்புறம் முழுவதும், காற்று கட்டிய பனிக்கூரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அத்தகைய கூரை உடையும்போது, அதன் விளிம்பிலிருந்து நாம் நினைப்பதைவிட வெகுதூரம் உள்ளே தள்ளித்தான் பிளக்கும். எனவே திசைகாட்டியில் கோணத்தை வைத்து, வேண்டுமென்றே வலப்புறம் முப்பது மீட்டர் ஒதுங்கி, ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். முன்னறிவிப்பைவிடக் காற்று வலுத்திருந்தது; காற்றின் வேகம் இருமடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதை அன்று எங்கள் உடலே உணர்ந்தது. உயரம் குறைந்த மலை என்று ஆறுதல் கொள்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும்: அமெரிக்காவின் வாஷிங்டன் மலை 1,917 மீட்டர் மட்டுமே உயரமானது, 1934 ஏப்ரல் 12 அன்று அதன் உச்சியில் காற்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது.

பாறை ஒன்றின் மறைவில் நண்பரை முதுகுப்பைகளின் மேல் உட்கார வைத்து, ஈரமான மேலாடையை மாற்றி, ஸ்லீப்பிங் பேக்கால் சுற்றி, நால்வரும் ஒரே தார்ப்பாயைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டோம். குளிர் முற்றினால் உடல் நடுங்குவதும் நின்றுவிடும்; அவருக்கு நடுக்கம் இன்னும் நிற்கவில்லை என்பது ஒன்றே எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. சர்க்கரை கலந்த சூடான பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். தீங்காகும் என்பதால் கைகால்களைத் தேய்க்கவில்லை, உடனே நடக்க விடவுமில்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகு அவர் தாமாகவே என் பெயரைச் சொல்லி அழைத்தார். இரவு எட்டு மணிக்கு மேல் அடிவாரம் சேர்ந்தபோது எங்கள் நான்கு தலைவிளக்குகளில் இரண்டு குளிரில் அணைந்து போயிருந்தன. மாற்றுப் பேட்டரிகளைச் சட்டையின் உட்பையில் வைத்திருந்தவர் எங்களில் ஒருவர் மட்டுமே.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு நேர்ந்ததற்கு மாறானது என்னுடையது. நாங்கள் திரும்பி வந்தோம். ஆனால் அந்த முடிவு சரியா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் பனிப்பொழிவுக்குப் பிறகு வானம் நீலமாகத் தெளிந்திருந்தது. கணவாயை அடைய ஒரு திறந்த சரிவைக் குறுக்காகக் கடக்க வேண்டும். அதில் முன்பே யாரோ சென்ற தடம் இருந்தது. சரிவைக் கோணமானியால் அளந்தேன்: 34 டிகிரி. பலகை பலகையாகப் பெயர்ந்து விழும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில்தான் கிளம்புகின்றன. சரிவின் ஓரத்தை நெருங்கியபோது காலடியில் ஆழத்திலிருந்து ‘வும்’ என்று ஓர் ஓசை எழுந்து பரவியது. மேலே படிந்த கெட்டியான பனிக்கு அடியில், வலுவற்ற அடுக்கு நொறுங்கி அமுங்கும் ஓசை அது. கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

எங்கள் குழுவில் மூத்தவர், “தடம் இருக்கிறதே, ஒவ்வொருவராகக் கடந்துவிடலாம்” என்றார். பத்து ஆண்டுகளாக அந்த மலையை அறிந்தவர் அவர். அவரை மறுத்துப் பேச எனக்கு நா எழவில்லை. இயான் மெக்கமன் என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் நிகழ்ந்த எழுநூறுக்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து 2004-இல் எழுதியது இதைப் பற்றியேதான்: பழகிய இடம், கண்ணெதிரே இருக்கும் தடம், அனுபவசாலி ஒருவர் மீதுள்ள நம்பிக்கை ஆகியவை, ஆபத்தின் அடையாளங்கள் வெளிப்படையாக இருக்கும்போதே மனிதர்களைச் சரிவுக்குள் இட்டுச் செல்கின்றன. அன்று அம்மூன்றும் எங்களிடம் இருந்தன. எங்களில் மிக இளையவள், மலைக்குப் புதியவள், “எனக்குப் பயமாக இருக்கிறது, நான் வரவில்லை” என்று உரக்கச் சொன்னதால்தான் நாங்கள் திரும்பினோம்.

மறுநாள் தொலைநோக்கியில் பார்த்தேன். சரிவு அப்படியே இருந்தது. வேறொரு குழு அதைக் கடந்து சென்றிருந்தது. கடந்தவர்கள் தங்கள் முடிவு சரி என்று நினைத்திருப்பார்கள்; அடுத்த முறையும் கடப்பார்கள். தவறான முடிவுக்குப் பத்தில் ஒன்பது முறை மலை தண்டனை தராமல் விட்டுவிடுவதுண்டு என்பதால், பிழைத்து வந்தவர்களின் அனுபவத்தை, என்னுடையதையும் சேர்த்து, மிகுந்த எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பனிக்குள் முழுதாகப் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குப் பிறகு வெகுவேகமாகக் குறைந்துவிடுகிறது. புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவியும், பனிக்குள் குத்திப் பார்க்கும் தேடுகோலும், மண்வெட்டியும் எங்களிடம் இருந்தன. ஆனால் அவற்றைக் கொண்டு அந்த நேரத்துக்குள் ஒருவரைத் தோண்டியெடுக்கும் பயிற்சி எங்களில் இருவருக்கு மட்டுமே இருந்தது.

* * *

முதல் பகிர்வில் கையுறையைத் தவறவிட்டதாகச் சொல்லப்பட்டவன் நான். என் நண்பர் பழி முழுவதையும் தம்மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்த மூவரில் நானும் ஒருவன்.

அந்த ஐம்பது நிமிடங்களில் எனக்குத் துன்பம் எதுவும் தோன்றவில்லை என்பதைத்தான் நான் எழுத வேண்டும். சற்று முன்பு வரை வலித்த விரல்கள் வலிக்காமல் போனதைக் குணமடைந்துவிட்டதாக எண்ணினேன். கையுறை உருண்டபோது, யாரோ ஒருவருடைய பொருள் போகிறது, அவர் வருந்துவார் என்று நினைத்ததும் நினைவில் இருக்கிறது. “எப்படி இருக்கிறாய்?” என்று நண்பர் கேட்டபோதெல்லாம் “நன்றாக” என்றேன், பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பினேன். ஆகவே குளிரில் இருப்பவரிடம் நலம் விசாரித்துப் பயனில்லை. அவர் செய்ய வேண்டிய ஒரு வேலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது நாங்கள் முகட்டில் ஒவ்வொரு மணி நேரமும் நின்று, கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொடச் சொல்கிறோம். மேலாடையின் ஜிப்பைத் தாமே போட்டுக் காட்டச் சொல்கிறோம். முடியாதவர் எவரானாலும், குழுத் தலைவரே ஆனாலும், மேலே போவதா வேண்டாமா என்ற பேச்சில் அவருக்கு அன்று இடமில்லை. மற்றவர்கள் அவரை அழைத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். சென்ற ஜனவரியில் அப்படி ஒரு முறை இறங்கினோம். ஜிப்பைப் போட முடியாதவன் நான்தான். நன்றாக இருக்கிறேன் என்று அன்றும் சொன்னேனாம்.