முப்பது வயதுக்குப் பிறகு மருத்துவமனை வேலைக்காகப் படிக்கப் போனவர்களின் அனுபவங்கள்

திருப்பூரிலிருந்து

நான் 2009ஆம் ஆண்டு வணிகவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்தேன். அதன் பிறகு 13 ஆண்டுகள் பாடப்புத்தகத்தைத் தொடவில்லை. பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், 31ஆம் வயதில், பள்ளிக்குப் போகும் ஒரு மகனை வைத்துக்கொண்டு, ஜி.என்.எம். என்னும் மூன்றாண்டு செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். பி.எஸ்சி. நர்சிங் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும் என்பதால் அது எனக்கு இல்லை என்றாகிவிட்டது. ஜி.என்.எம். படிப்புக்கு எந்தப் பிரிவில் படித்திருந்தாலும், ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்து 40 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருந்தால் போதும். வயது மட்டும் 35ஐத் தாண்டக் கூடாது. இதை எனக்குச் சொன்னவர் என் மாமியாருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்த பிரிவில் இருந்த ஒரு சிஸ்டர். நான்கு மணி நேரம் அந்த இயந்திரத்தின் அருகில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நான் அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவரே, "இவ்வளவு கேட்கிறதுக்கு நீங்க படிச்சிரலாமுங்க" என்றார்.

வகுப்பில் என்னைத் தவிர எல்லோருக்கும் 17, 18 வயது. எல்லோரும் என்னை அக்கா என்றே அழைத்தார்கள். ஒரு மாதத்தில் டியூட்டர் ஒருவரும் தவறி அக்கா என்று அழைத்துவிட்டு, பிறகு திருத்திக்கொண்டார். தமிழ் வழியில் படித்த எனக்கு உடற்கூறியலின் ஆங்கிலச் சொற்கள் முதலில் மலைபோலத் தெரிந்தன. ஆனால் அந்தச் சொற்கள் துண்டு துண்டாகத் தைத்துச் சேர்க்கப்பட்டவை என்பது பிடிபட்டதும் பாதிப் பயம் போய்விட்டது. 'நெஃப்ரோ' என்றால் சிறுநீரகம், 'ஹெப்பாட்டோ' என்றால் கல்லீரல். பின்னால் 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி, 'எக்டமி' வந்தால் வெட்டி எடுப்பது. காலண்டர் தாள்களின் பின்புறத்தில் இவற்றை எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தேன். மகன் அதைப் பார்த்து, முருங்கைக்காயை நறுக்குவதை 'முருங்கெக்டமி' என்று சொல்லத் தொடங்கினான்.

சொட்டுக் கணக்கு மட்டும் எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. 500 மில்லி குளுக்கோஸை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், டிரிப்ஸ் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் என்றால், 10,000 சொட்டை 240 நிமிடத்துக்குப் பங்கிட, நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் என்று ஆண்டுக்கணக்கில் கணக்குப் பார்த்தவளுக்கு இது பழைய வேலையேதான். அதைப் போலவே, துணியில் ஊசித் துளையைத் தேடிப் பழகிய கண் வார்டிலும் உதவியது. வென்ஃப்ளான், அதாவது டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய், குத்திய ஒரு பெரியவரின் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஊசி இருந்த கையில் மோதிரம் இறுகியிருந்தது; மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே இறங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டரிடம் சொன்னேன், அவர் உடனே டிரிப்ஸை நிறுத்தி, மறு கையில் புதிதாகப் போட்டார்.

இதைப் பெருமையாகச் சொல்கிற நான், அதே மாதத்தில் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். 14ஆம் படுக்கைக்காரரின் காய்ச்சல் அளவை 15ஆம் படுக்கையின் சார்ட்டில் எழுதிவிட்டேன். மருத்துவர் சுற்றுக்கு வருமுன் டியூட்டர் கண்டுபிடித்துவிட்டதால் தீங்கு எதுவும் நேரவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை; அன்று முழுவதும் ஒவ்வொரு படுக்கையிலும், "உங்கள் பெயர் என்னங்க?" என்று நோயாளியின் வாயிலிருந்தே கேட்டு, சார்ட்டில் உள்ள பெயரைச் சத்தமாக வாசிக்க வைத்தார். பதினெட்டு வயதுப் பெண்களின் முன்னால் அதைச் செய்வது சுலபமாக இல்லை. படிப்பதற்கு வயது தடையாக இருந்ததே இல்லை, ஆனால் எல்லோருக்கும் இளையவளாக நின்று திருத்தப்படுவதற்கு என் வயது ஒவ்வொரு நாளும் குறுக்கே வந்தது. நோயாளிகள் அதை இன்னும் கடினமாக்கினார்கள். நரைத்த முடி நாலு தெரிந்ததால் என்னைத்தான் பெரிய சிஸ்டர் என்று நினைத்து, "ஏனுங்க சிஸ்டர், எப்பங்க வீட்டுக்கு அனுப்புவீங்க?" என்று கேட்பார்கள், நான் முதலாண்டு மாணவி என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

மனநல செவிலியப் பயிற்சிக்காக இரண்டாம் ஆண்டில் எங்களைச் சென்னைக்கு, 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மகனை விட்டு அத்தனை நாள் பிரிந்திருந்தது அதுதான் முதல் முறை. அங்கே கற்றதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மதுரையிலிருந்து

எனக்கு அந்த 35 வயது வரம்பு கடந்துவிட்டிருந்தது. சவுதியில் 11 ஆண்டுகள் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு 38 வயதில் ஊர் திரும்பியவன் நான். முதலில் ஒரு பயிற்சி நிலையத்தில் லேப் டெக்னீசியன் படிப்பு என்று பணம் கட்டி, ஓராண்டு கழிந்த பிறகுதான் அவர்கள் தரும் சான்றிதழ் அவர்கள் பெயரில் மட்டுமே இருக்கும், எந்த அரசு அமைப்பின் இணைப்பும் அதற்குப் பின்னால் இல்லை என்று தெரிந்துகொண்டேன். பணமும் போனது, ஆண்டும் போனது. அதனால் சேருமுன் விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், இணைப்பு ஆணையின் நகலைக் கேளுங்கள். செவிலியர் படிப்பானால் மாநிலச் செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்க வேண்டும், பி.எஸ்சி. பட்டமானால், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தவிர மற்றக் கல்லூரிகளுக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்க வேண்டும். லேப் டெக்னீசியன் போன்ற துணை மருத்துவப் பணிகளை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் 2021இல் ஒரு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது என்பதையும் நான் தாமதமாகத்தான் அறிந்தேன்.

பிறகு முறையான இரண்டாண்டுப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். ரத்தம் எடுக்கும் வேலையைப் பார்ப்பவர்கள் ஊசி குத்துவதுதான் கடினம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் குழாய்கள்தாம் என்னைப் படுத்தின. ஊதா மூடி ரத்த அணு எண்ணிக்கைக்கு, சாம்பல் மூடி சர்க்கரைக்கு, நீல மூடி ரத்தம் உறையும் நேரத்தைப் பார்ப்பதற்கு. நீலக் குழாயில் மருந்து ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு என்று கணக்கு இருப்பதால் கோடு வரை நிரப்பியே ஆக வேண்டும். ஒரு முறை ஒரு குழாயில் ரத்தம் போதவில்லை என்று, ஊதாக் குழாயிலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றப் போன என் கையை ஆசிரியர் பிடித்துக்கொண்டார். ஊதாக் குழாயின் மருந்து பொட்டாசியத்தைக் கூட்டிக் காட்டும், கால்சியத்தைக் குறைத்துக் காட்டும். இல்லாத நோய்க்கு ஒருவர் மருந்து சாப்பிட நேரும் என்றார். சிரிஞ்சை வேகமாக இழுத்தால் சிவப்பணு உடைந்து அதே பொட்டாசியம் தவறாகக் கூடும் என்பதை மட்டும், கேஸ் பிரஷரோடு வாழ்ந்தவன் என்பதால், விளக்காமலே புரிந்துகொண்டேன்.

ஸ்காபுறோவிலிருந்து

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 19 வயது நிறைந்தவர்களை முதிர்ந்த மாணவர் என்று கல்லூரிகள் ஏற்றுக்கொள்கின்றன. எனக்கோ 42 வயது. பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழகம் போன பிறகு, முதலில் இரண்டு பருவங்கள் படித்து முதியோர் பராமரிப்புப் பணிக்குத் தகுதி பெற்றேன், இப்போது ஆர்.பி.என். எனப்படும் இரண்டாண்டுத் தாதியர் பட்டயத்தின் கடைசிப் பருவத்தில் இருக்கிறேன். அதற்குப் பிறகு 2022இல் அறிமுகமான ரெக்ஸ்-பி.என். என்னும் தாதியர் உரிமச் சோதனையில் தேற வேண்டும்.

பயிற்சிக்கு விடுவதற்கு முன் பொலிஸ் சான்றிதழ், காசநோய்த் தோற்சோதனை, தடுப்பூசிப் பதிவு என்று ஒரு கட்டுக் கடதாசி கேட்டார்கள். என்95 முகக்கவசம் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, தலையில் ஒரு கூடாரம் போன்றதைக் கவிழ்த்து உள்ளே கசப்பு நீரைத் தெளிக்கிறார்கள். கசப்புத் தெரிந்தால் கவசம் சரியில்லை. எனக்கு இரண்டு முறை தெரிந்தது.

நான் பயிற்சிக்குப் போன பராமரிப்பு இல்லத்தில், மறதி நோயால் ஆங்கிலம் முழுதும் மறந்துபோன ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தார். என் குரலைக் கேட்டதும், "பிள்ளை, நீ எவடம்?" என்றார். ஊரைச் சொன்னேன், அன்று முழுக்க நான் கொடுத்தால்தான் சாப்பிட்டார். பின்னர் கட்டிலிலிருந்து தன்னை எழுப்பிவிடச் சொல்லி அழுதார். தூக்கும் இயந்திரத்தை இரண்டு பேர் இல்லாமல் இயக்கக் கூடாது என்பது அந்த இல்லத்தின் விதி. "கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்று சொல்லிக்கொண்டு, மற்றவர் வரும்வரை அவருடைய கையைப் பிடித்தபடி நின்ற அந்தப் பத்து நிமிடம், நான் எழுதிய எந்தச் சோதனையையும் விட நீளமானது.

ஈரோட்டிலிருந்து

எனக்கு வயது 34, மூன்று வயதில் ஒரு மகள். ஜி.என்.எம். சேர இந்த ஆண்டை விட்டால் வழியில்லை. சேருமுன் கல்லூரியில் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று சகோதரி சொன்னால் உதவியாக இருக்கும்.

திருப்பூரிலிருந்து

கட்டணத்தை எல்லோரும் கேட்கிறார்கள், நீங்களும் கேட்பீர்கள். அதற்கு முன் போஸ்டிங் அட்டவணையை, அதாவது மருத்துவமனைப் பயிற்சி எப்போது, எங்கே என்ற பட்டியலைக் கேளுங்கள். மருத்துவமனை எவ்வளவு தொலைவு, காலை எத்தனை மணிக்குப் பேருந்து, இரவுப் பணி எந்த ஆண்டில் தொடங்குகிறது, வெளியூர்ப் பயிற்சி எத்தனை நாள், விடுதியில் தங்குவது கட்டாயமா என்பதையெல்லாம் எழுதி வாங்கி வந்து, அந்த நாட்களில் பாப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பெயர் பெயராக எதிரில் எழுதிப் பாருங்கள். "பார்த்துக்கலாம்" என்று வீட்டில் சொன்னால் அதைப் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் தாளில் கணவர், என் அம்மா, எதிர்வீட்டு அக்கா என்று மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றுமே ஏதோ ஒரு வாரத்தில் தேவைப்பட்டன.

இப்போது மூன்றாம் ஆண்டு, அடுத்த திங்கள் முதல் எனக்குப் பிரசவ வார்டு. இரவுப் பணி என்பதால் மகனின் சாப்பாட்டுப் பொறுப்பு எதிர்வீட்டு அக்காவுக்கு. மற்ற விவரங்களை அந்த வாரம் முடிந்ததும் எழுதுகிறேன்.