கணினி அறிவியல் படித்தவர் காவல்துறையின் சைபர் குற்றப் பணிக்குச் செல்ல எது சரியான வழி?

கேள்வி: இறுதியாண்டு மாணவி, திருநெல்வேலி

அனைவருக்கும் வணக்கம். நான் பி.இ. கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை, மும்பை போலீஸ் என்று சொல்லிக்கொண்டு காணொளி அழைப்பில் வந்தவர்கள் ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டி, வீட்டை விட்டு நகரவிடாமல் உட்கார வைத்து, அவருடைய ஓய்வூதியப் பலனில் பெரும்பகுதியை வெவ்வேறு வங்கிக் கணக்குகளுக்கு அனுப்பச் செய்துவிட்டார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அவர் சார்பில் அழைத்ததும், சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு அவரை அழைத்துச் சென்றதும் நான்தான். அங்கே ஒரு எஸ்.ஐ., கணக்கு விவரத்தை வரிவரியாகப் படித்து, எந்தத் தொகை எங்கே போனது என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தார். அதைப் பார்த்த பிறகு, என் படிப்பு இப்படி ஒரு வேலைக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

வளாகத் தேர்வில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் அதில் சேரச் சொல்கிறார்கள். கணினிப் படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு காவல்துறையின் சைபர் பிரிவில் நேரடியாகச் சேர முடியுமா? எஸ்.ஐ. தேர்வு எழுதிச் சேர்ந்தால் வேறு பணிக்கு அனுப்பிவிடுவார்களா? சீருடை அணியாமல் இதே வேலையைச் செய்ய வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர், மதுரை

வணக்கம் அம்மா. பணிக்காலத்தின் கடைசிப் பகுதியைச் சைபர் குற்றக் காவல் நிலையத்தில் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் வேலை எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் 1930-க்கு அழைத்தவுடன் அந்தப் புகார் ஒன்றிய உள்துறையின் கீழ் இயங்கும் பொது அமைப்பில் பதிவாகி, பணம் அனுப்பிய வங்கிக்குத் தகவல் போகும். பணம் இன்னும் கணக்கில் இருந்தால் அவர்கள் முடக்குவார்கள். வேறு வங்கிக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்குத் தகவலைத் தள்ளிவிடுவார்கள். மோசடிக்காரர்கள் பணத்தை ஒரே கணக்கில் வைப்பதில்லை. கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்குக் கொடுத்தவர்களின் பெயரில் பணம் அடுக்கடுக்காகப் பிரிந்து, கடைசியில் ஏ.டி.எம்.மிலோ கிரிப்டோவிலோ முடியும். நீங்கள் பார்த்த அம்புக்குறிகள் இந்த அடுக்குகளைத்தான் காட்டின. நூற்றுக்கணக்கான பரிவர்த்தனைகள் வரும்போது தாளும் பேனாவும் போதாது. அட்டவணைகளை இணைத்துத் தேடத் தெரிந்த ஒருவர் நிலையத்தில் இருந்தால் அவரைச் சுற்றித்தான் எல்லாரும் நிற்போம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு சமூக வலைதள நிறுவனம் அனுப்பும் பதிவில் ஐ.பி. முகவரியும் நேரமும் இருக்கும். அந்த நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும்; 18.47 என்று இருந்தால் நம் ஊரில் அது மறுநாள் அதிகாலை 12.17. இந்த ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினால், சம்பந்தமே இல்லாத ஒருவருடைய முகவரி பதிலாக வரும். அதோடு, கைப்பேசி இணையத்தில் ஒரே பொது ஐ.பி. முகவரியை ஒரே நேரத்தில் ஏராளமானோர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதால், ஒவ்வொரு இணைப்புக்கும் தரப்படும் போர்ட் எண்ணையும் சேர்த்துக் கேட்டால்தான் ஒரு நபரைப் பிரித்தறிய முடியும். கல்லூரியில் கணினி வலையமைப்புப் பாடம் ஒழுங்காகப் படித்தவருக்கு இது உடனே புரியும். புரியாதவர் எழுதும் கடிதத்தால் ஒரு அப்பாவியின் வீட்டு வாசலில் போலீஸ் போய் நிற்கும். உங்களைப் போன்றவர்கள் துறைக்கு வர வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவே முதல் காரணம்.

இனி வழியைச் சொல்கிறேன். எஸ்.ஐ. பணிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம்தான் ஆள் எடுக்கிறது. ஏதேனும் ஒரு பட்டம் போதும். பொதுப் பிரிவினருக்கு வயது 20 முதல் 30 வரை, மற்றவர்களுக்குத் தளர்வு உண்டு. தமிழ்த் தகுதித் தேர்வு, எழுத்துத் தேர்வு, உடல் அளவு, ஓட்டம் உள்ளிட்ட உடல் திறன் தேர்வு, நேர்முகம் எனப் பல படிகள் இருக்கின்றன. பெண்களுக்கு உயரம் 159 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 157 செ.மீ. என்பதே அறிவிக்கைகளில் இருந்து வருவது. ‘தொழில்நுட்ப எஸ்.ஐ.’ என்ற அறிவிப்பைப் பார்த்து அதைச் சைபர் பணி என்று எண்ணிவிட வேண்டாம். அது காவல்துறையின் தொலைத்தொடர்புப் பிரிவுக்கானது. தேர்வானால் வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரி காவல் பயிற்சியகத்தில் பயிற்சி பெற்று, அநேகமாகச் சட்டம் ஒழுங்கு நிலையத்தில்தான் தொடங்குவீர்கள். திருவிழாப் பாதுகாப்பு, தேர்தல் பணி, இரவு ரோந்து எல்லாம் உங்கள் பங்குக்கு வரும். மாவட்டத்திலும் மாநகரத்திலும் சைபர் நிலையங்கள் இருப்பதால் கணினிப் பட்டம் உள்ளவர்களை அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளும் அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆனாலும் அது உங்கள் உரிமை ஆகாது, இடமாற்றமும் வரும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு, அந்தச் சட்டப்படியான குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும் என்கிறது. அதனால் எஸ்.ஐ.யாக இருக்கும் ஆண்டுகளில் உழைப்பு உங்களுடையதாகவும் வழக்கு ஆய்வாளருடையதாகவும் இருக்கும். அதில் மனம் நோகாதவர்கள்தான் இங்கே நிலைக்கிறார்கள். இருந்தாலும், ஒருவரைத் தேடிப் போய்ப் பிடித்து வரும் அதிகாரம் சீருடைக்கு மட்டுமே உண்டு என்பதால், உங்கள் மனம் அங்கே இருக்கிறது என்றால் வேறு வழியைத் தேடாமல் இதற்கே முயலுங்கள்.

பதில்: தடயவியல் ஆய்வகத்தின் கணினிப் பிரிவில் பணிபுரிபவர், சென்னை

தங்கைக்கு வணக்கம். ஆய்வாளர் ஐயா சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனால் முடிவில் அவரோடு நான் உடன்படவில்லை. குற்றவாளியைப் பிடிப்பதோடு வழக்கு முடிவதில்லை, தண்டனை நீதிமன்றத்தில்தான் கிடைக்கிறது. கணினி படித்தவருடைய அறிவு மிக அதிகமாகத் தேவைப்படும் இடம், கைப்பற்றிய கைப்பேசிக்கும் சாட்சிக் கூண்டுக்கும் இடையில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு வன்தட்டு எங்களிடம் வந்தால் நேராகக் கணினியில் செருகித் திறக்க மாட்டோம். திறந்த நொடியிலேயே இயங்குதளம் அதில் எதையாவது எழுதிவிடும்; பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ‘நீங்களே மாற்றினீர்கள்’ என்று சொல்ல இடம் கிடைத்துவிடும். எனவே, எழுதுவதைத் தடுக்கும் கருவியை இடையில் பொருத்தி, பிட் விடாமல் முழுப் பிரதி எடுத்து, மூலத்துக்கும் பிரதிக்கும் ஹாஷ் மதிப்பு (தரவிலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஓர் எண்) ஒன்றே என்று உறுதி செய்த பிறகு, பிரதியில் மட்டுமே வேலை செய்கிறோம். அழித்த கோப்புகளை மீட்பதும், அரட்டைத் தரவுத்தளத்தைப் படிப்பதும் அதற்கு அப்புறம்தான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு இந்த வேலையின் எடையை இன்னும் கூட்டியிருக்கிறது. மின்னணுச் சான்றுக்குப் பழைய சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னதை 2020-இல் மீண்டும் உறுதி செய்தது. இப்போதைய சட்டத்தில் அந்தச் சான்றிதழுக்கே அட்டவணையில் படிவம் வந்துவிட்டது. ‘அ’ பகுதியைச் சான்றைத் தாக்கல் செய்பவரும் ‘ஆ’ பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். ஹாஷ் மதிப்பையும் அது எஸ்.எச்.ஏ. 256-ஆ, எம்.டி. 5-ஆ என்பதையும் குறிக்க வேண்டும். ஒரு சட்டப் படிவத்தில் நம் பாடப்புத்தகத்தின் வழிமுறைப் பெயர்கள் அச்சாகியிருப்பதை முதலில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. மேலும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவு, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் வல்லுநர் குற்ற இடத்துக்கே செல்ல வேண்டும் என்று வகுத்திருப்பதால், ஆட்களின் தேவை இனிக் குறையப் போவதில்லை.

சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் 2004-இல் ஒரு வழக்கு நடந்தது. யாஹூ குழுவில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசமாக எழுதியவருக்கு, புகார் பதிவாகி ஏறக்குறைய ஏழு மாதத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின் கீழும் தண்டனை கிடைத்தது. இந்தியாவில் அந்தப் பிரிவில் கிடைத்த முதல் தண்டனையாக அதைச் சொல்வார்கள். அங்கே இணைய மையக்காரர்களின் சாட்சியமும் மின்னணுச் சான்றை முறையாகச் சான்றளித்த வல்லுநரின் சாட்சியமும் சேர்ந்துதான் வழக்கைத் தாங்கின. இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைப் படித்துப் பார்க்கலாம்.

தமிழ்நாடு தடயவியல் அறிவியல் துறையில் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. மூலம் ஆள் எடுக்கிறார்கள். கல்வித் தகுதி பிரிவுக்குப் பிரிவு மாறும் என்பதால் அறிவிக்கையின் சொற்களை ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். அறிவிக்கைகள் அடிக்கடி வருவதில்லை. காத்திருக்கும் காலத்தில் மேற்படிப்புப் படிக்க விரும்பினால், சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியல், தகவல் பாதுகாப்பு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. காந்திநகரில் தேசியத் தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. கருவிகளை உருவாக்குவதில் ஆர்வம் இருந்தால் மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் திருவனந்தபுரம் மையத்தைப் பாருங்கள். நம் நாட்டுக் காவல்துறைகள் பயன்படுத்தும் சைபர்செக் என்ற தடயவியல் மென்பொருள் அங்கே உருவானது.

பதில்: வங்கி ஒன்றின் மோசடிக் கண்காணிப்புக் குழுவில் பணிபுரிபவர், கோயம்புத்தூர்

சகோதரிக்கு வணக்கம். கிடைத்த வேலையில் சேர்ந்தால் இந்தத் துறையின் கதவு மூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். 1930-இல் பதிவாகும் புகார் வங்கிக்கு வரும்போது அதைக் கையாள்வது எங்களைப் போன்ற மென்பொருள் படித்தவர்கள்தான். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த ஒரு கணக்கில் திடீரென்று லட்சங்கள் விழுந்து, சில நிமிடங்களில் சிறு தொகைகளாக வெளியேறினால் எச்சரிக்கை எழ வேண்டும். மகளின் திருமணத்துக்காக நகையை விற்று வாங்கிய பணத்தை ஒருவர் மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் பிரித்து அனுப்பும்போது எழக் கூடாது. இந்த இரண்டையும் பிரிக்கும் விதிகளை எழுதுவதும் திருத்துவதும் என் வேலை. உங்கள் தெரு ஆசிரியரின் பணம் முதல் கணக்கை விட்டு வெளியேறுவதற்கு முன் நிறுத்தக்கூடிய இடம் இதுதான் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஒரு குறிப்பு: ‘சைபர் கமாண்டோ’ பயிற்சி பற்றிய செய்திகளைப் பார்த்துப் பலர் விண்ணப்பம் தேடுகிறார்கள். 2024-இல் தொடங்கிய அத்திட்டம் ஏற்கெனவே காவல்துறையிலும் மத்தியப் படைகளிலும் இருப்பவர்களுக்கானது. வெளியிலிருந்து நேரடியாகச் சேர முடியாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எனக்கு உயரம் 161 செ.மீ.; ஓட்டத்துக்கும் பயிற்சி எடுக்க முடியும். ஆனால் ஆய்வக அக்கா எழுதியதைப் படித்த பிறகு மனம் அந்தப் பக்கமே அதிகமாகச் சாய்கிறது. படிப்பு முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. எந்த வழியில் போனாலும் வீணாகாத வகையில் இப்போதே எதைப் பழகிக்கொள்ளலாம்?

பதில்: தடயவியல் ஆய்வகத்தின் கணினிப் பிரிவில் பணிபுரிபவர், சென்னை

உங்களுடைய பழைய பென்டிரைவ் ஒன்றை எடுத்து, அதில் சில படங்களைப் போட்டு அழித்துவிடுங்கள். எஃப்.டி.கே. இமேஜர் என்ற மென்பொருள் கொண்டு பிரதி எடுத்து, ஹாஷ் மதிப்பைக் குறித்துக்கொண்டு, ஆட்டோப்சி என்ற ஆய்வு மென்பொருளில் திறந்து அழித்தவற்றை மீட்டுப் பாருங்கள். இரண்டும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அதன் பிறகு செய்ய வேண்டியதுதான் கடினமான பகுதி: நீங்கள் என்ன செய்தீர்கள், எந்த வரிசையில் செய்தீர்கள், எதைக் கண்டீர்கள், எதை முடிவாகச் சொல்ல முடியாது என்பதை இரண்டு பக்கத்தில், கணினி தெரியாத நீதித்துறை நடுவருக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். உங்கள் அப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்கிக் கேள்வி கேட்கிறாரோ, அங்கேதான் குறுக்கு விசாரணையிலும் கேள்வி வரும். லினக்ஸ் கோப்பு முறைமை, எஸ்.க்யூ.எல்., பைத்தான் மூன்றும் கைவசம் இருக்கட்டும். கைப்பேசிச் செயலிகளின் தரவு பெரும்பாலும் எஸ்.க்யூ.லைட் என்ற சிறு தரவுத்தளக் கோப்புகளில்தான் கிடக்கிறது.

பதில்: ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர், மதுரை

அம்மா, பழகிப் பார்ப்பதை எல்லாம் உங்கள் சொந்தக் கருவிகளில் மட்டும் செய்யுங்கள். கல்லூரி சர்வரிலோ, தோழியின் கணக்கிலோ, மோசடிக்காரனுடைய இணையதளம் என்றே தெரிந்தாலும் அதிலோ அனுமதியின்றி நுழைந்து பார்க்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு நல்ல நோக்கத்துக்கு விலக்கு அளிப்பதில்லை; நேர்மையற்ற நோக்கம் இருந்ததாகக் கருதினால் 66-ஆம் பிரிவில் குற்ற வழக்கே வரலாம். அரசுப் பணிக்குத் தேர்வானவர்களின் பின்னணியைக் காவல்துறை சரிபார்க்கும்போது ஒரு வழக்கு பதிவாகியிருந்தால், எஸ்.ஐ. பணி, ஆய்வகப் பணி இரண்டுமே கைவிட்டுப் போகும். எதற்கும் வாரியத்தின் அறிவிக்கை வரும்போது விண்ணப்பித்து வையுங்கள், டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு முந்திக்கொண்டால் அதையும் எழுதுங்கள். ஆசிரியர் கொடுத்த புகாரின் நிலையை இணையதளத்தில் ஒப்புகை எண் கொண்டு பார்த்து வாருங்கள். ஏதேனும் ஒரு கணக்கில் தொகை முடக்கப்பட்டிருந்தால், அதைத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டியிருக்கலாம் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.