டிக் பதில் சொல்கிறது, ஆனால் மெயில் க்யூவை விட்டு நகரவில்லை (உபுண்டு, போஸ்ட்ஃபிக்ஸ்)

கேள்வி:
அலுவலக மெயில் சர்வர் (போஸ்ட்ஃபிக்ஸ்) உபுண்டுவில் ஓடுகிறது. டிஎன்எஸ்ஸுக்கு (டொமைன் பெயருக்கு ஐபி போன்ற விவரம் தருவது) தனியாக ஒரு மெஷினில் பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர். அந்த மெஷின் பழசாகிவிட்டதால் வெள்ளிக்கிழமை புதியது வைத்தோம், ஐபி 192.168.1.5-இலிருந்து 192.168.1.10 ஆனது. மெயில் சர்வரில் புது ஐபியைக் கொடுத்தாகிவிட்டது, பழைய மெஷினை அணைத்தாகிவிட்டது. அன்று மாலையிலிருந்து வெளியே போகும் மெயில் ஒன்றுகூடப் போகவில்லை. லாகில் எல்லாமே 'நேம் சர்வீஸ் எரர், டைப் எம்எக்ஸ், ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட், ட்ரை அகெய்ன்'. அதே சர்வரில் உட்கார்ந்து டிக் (டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் கமாண்ட்) போட்டால் எந்த டொமைனுக்கும் எம்எக்ஸ் (அதன் மெயில் சர்வர் எது என்று சொல்லும் ரெக்கார்டு) உடனே வருகிறது! க்யூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசையில்) 340 மெயில் நிற்கிறது, திங்கட்கிழமை எல்லோரும் வந்து கேட்பார்கள். எங்கே பார்ப்பது?

பதில் 1:
ரிசால்வ்.கான்ஃபில் (எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் கோப்பு) 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

பதில் 2:
மேலே சொன்னதில் ரீஸ்டார்ட் மட்டும் சரி, 8.8.8.8 வேண்டாம். காரணம் கடைசியில்.

டிக் படிப்பது சிஸ்டத்தின் ரிசால்வ்.கான்ஃபை. டெபியன், உபுண்டு இரண்டிலும் போஸ்ட்ஃபிக்ஸில் மெயிலை வெளியே அனுப்பும் எஸ்எம்டிபி ப்ராசஸ் வழக்கமாக க்ரூட் என்று ஒரே ஃபோல்டருக்குள் அடைபட்டு ஓடும், அதன் கண்ணுக்கு வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ்தான் உலகமே. அங்கே எட்சி என்று ஒரு ஃபோல்டரும் அதற்குள் ரிசால்வ்.கான்ஃபின் நகல் ஒன்றும் இருக்கும். திறந்து பாருங்கள், பழைய 192.168.1.5 அப்படியே உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்டார்ட் ஆகும்போது அந்த நகல் புதுப்பிக்கப்படும், அதனால் ரீலோடு செய்துவிட்டு விடாமல் முழுதாக ரீஸ்டார்ட் செய்யுங்கள், அப்புறம் இரண்டு கோப்பும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெயில் தொலையவில்லை, பயப்பட வேண்டாம். டிஎன்எஸ் சர்வர் பதிலே தராவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அதைத் தற்காலிகக் கோளாறாக எடுத்துக்கொண்டு க்யூவில் வைத்துக்கொள்ளும், மாற்றாமல் விட்டிருந்தால் 5 நாள் வரை. டொமைனே இல்லை என்று பதில் வந்திருந்தால்தான் உடனே பவுன்ஸ் ஆகி அனுப்பியவருக்கே திரும்பியிருக்கும். ரீஸ்டார்ட்டுக்குப் பின் போஸ்ட்க்யூ கமாண்டில் ஃப்ளஷ் கொடுத்தால் கிளம்பிவிடும்.

இப்போது 8.8.8.8. ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியலை ஸ்பேமுக்காகப் பயன்படுத்துகிறீர்களா? 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் வழியாகக் கேட்டால் அவர்கள் 127.255.255.254 என்று ஒரு பதில் தருவார்கள். உன் கேள்வியை ஏற்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், ஆனால் எந்தப் பதிலை மட்டும் ஏற்க வேண்டும் என்று போஸ்ட்ஃபிக்ஸில் வரையறுக்காமல் விட்டிருந்தால் அது எல்லாரையும் ஸ்பேமர் என்று எடுத்துக்கொண்டு உள்ளே வரும் மெயில் அத்தனையையும் திருப்பி அனுப்பும். ஒருமுறை பட்டிருக்கிறேன்.

கேட்டவர்:
அதேதான்! நகலில் பழைய ஐபி. ரீஸ்டார்ட் செய்தேன், பத்து நிமிடத்தில் க்யூ காலி. நன்றி.

ஆனால் இன்னொன்று முளைத்திருக்கிறது. ஸ்டாக் அப்ளிகேஷன் ஓடும் லினக்ஸ் மெஷின் தானே நேரடியாக மெயில் அனுப்பும், அது எங்கள் சொந்த டொமைனுக்கு அனுப்பினால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'. லாகில் அது தட்டுவது எங்கள் வெப்சைட்டின் ஐபியை. வெளியாட்கள் அனுப்பும் மெயில் ஒழுங்காக வருகிறது.

பதில் 3:
புது பைண்டில் உங்கள் டொமைனின் ஜோனை (அதன் ரெக்கார்டுகள் உள்ள கோப்பு) கையால் எழுதினீர்களா? எம்எக்ஸ் வரியை விட்டிருப்பீர்கள். எம்எக்ஸ் இல்லாத டொமைனுக்கு அதன் ஏ ரெக்கார்டையே (பெயருக்கு ஐபி சொல்வது) மெயில் சர்வராக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எஸ்எம்டிபியின் விதி, உங்கள் ஏ ரெக்கார்டு வெப்சைட்டைக் காட்டுகிறது, அங்கே 25-ஆம் போர்ட்டில் யாரும் இல்லை. அந்த ஜோனுக்குத் தானே அதிகாரி என்று பைண்ட் நினைப்பதால் இல்லாத ரெக்கார்டை வெளியே போய்க் கேட்கவும் கேட்காது. வெளியாட்கள் பார்ப்பது வெளி டிஎன்எஸ்ஸை, அதனால் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. மெயில் சர்வருக்கும் இது தெரியவராது, மைடெஸ்டினேஷனில் (எந்த டொமைன்களின் மெயிலைத் தானே வைத்துக்கொள்வது என்ற போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பு) சொந்த டொமைன் இருந்தால் அது எம்எக்ஸைத் தேடுவதே இல்லை.

எம்எக்ஸில் ஐபியைப் போடாதீர்கள், சிநேமையும் (இன்னொரு பெயரைச் சுட்டும் மாற்றுப்பெயர்) காட்டாதீர்கள். ஏ ரெக்கார்டு உள்ள பெயர் வேண்டும்.

கேட்டவர்:
ஆமாம், விட்டுப்போயிருந்தது. சேர்த்தேன், சீரியலையும் (ஜோனின் பதிப்பு எண்) ஏற்றினேன், இப்போது 'ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்' வருகிறது. டிக் போட்டால் எம்எக்ஸ் பெயரில் எங்கள் டொமைன் இரண்டு தடவை ஒட்டிக்கொண்டு வருகிறதே?

பதில் 2:
ஜோனில் எம்எக்ஸ் பெயரின் கடைசியில் புள்ளி வைத்தீர்களா? இல்லாவிட்டால் பைண்ட் டொமைனைப் பின்னால் தானே ஒட்டிவிடும்.

கேட்டவர்:
இல்லை. வைத்துவிட்டேன். போகிறது.